மணிலா வாத்து முட்டையை நிறுத்துவது ஏன்?

முதல் தடவை அடை வைத்தபோது 30ஆம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. கோழிக்கு 21 நாள், வாத்துக்கு 28 நாள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இதுதான். "ரெண்டு நாள் கூடப் போயிருச்சு, எல்லாம் கூமுட்டைதான். நாத்தம் எடுக்கிறதுக்குள்ள தூக்கிப் போடுப்பா" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. ஒன்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளே முழு உருவத்தில் ஒரு குஞ்சு, மஞ்சள் கரு இன்னும் வயிற்றுக்குள் இழுபடாத நிலையில், அசைந்துகொண்டிருந்தது. இன்னும் ஐந்து நாள் விட்டிருந்தால் அதுவே ஓட்டை உடைத்துக்கொண்டு வந்திருக்கும். மணிலா வாத்துக்குக் கணக்கு 35 நாள். அத்தை மேல் தப்பில்லை. அவர் சொன்னது வேறு வாத்தின் கணக்கு.

இந்தக் குழப்பம் நாள் கணக்கோடு முடிவதில்லை. முட்டை, கூடு, அடை எல்லாவற்றிலும் இதை "இன்னொரு வாத்து" என்று நினைத்துத்தான் பலர் நஷ்டப்படுகிறார்கள். ஆரணிப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் மேயும் நாட்டு வாத்துக் கூட்டம், காக்கி கேம்பல், வெள்ளை பெக்கின் எல்லாமே மல்லார்ட் என்கிற பச்சைத்தலைக் காட்டு வாத்தின் வழிவந்தவை. மஸ்கோவி என்று புத்தகத்திலும் மணிலா என்று சந்தையிலும் அழைக்கப்படுகிற இது தனி இனம். மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை ஆற்றோரக் காடுகளில் வாழ்கிற பறவை. ஸ்பானியர் கப்பலேறி வருவதற்கு முன்பே அங்கிருந்த பூர்வகுடிகள் இதை வீட்டுப் பறவையாக்கிவிட்டார்கள்.

பெயரைப் பாருங்கள். மாஸ்கோவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிரெஞ்சுக்காரர் இதை வட ஆப்பிரிக்கா பெயரில் பார்பரி வாத்து என்கிறார்கள். வங்காளத்தில் சீன வாத்து. நமக்கும் இந்தோனேசியருக்கும் மணிலா. அதே தென் அமெரிக்காவிலிருந்து வந்த நிலக்கடலைக்கும் நாம் மணிலாக்கொட்டை என்றுதான் பெயர் வைத்தோம். அதுதான் திண்டிவனம், விழுப்புரம் பக்கம் தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத சரக்கெல்லாம் ஏதோ ஒரு துறைமுகத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிடும் போலிருக்கிறது.

சரி, காட்டில் இது எங்கே முட்டையிடுகிறது? மரப்பொந்தில். தரையிலிருந்து பல அடி உயரத்தில், இருட்டான, குறுகலான வாய் உள்ள பொந்து. காலைத் தூக்கிப் பார்த்தால் விரல் நுனியில் கூரான நகம் இருக்கும். பிடித்தவர்களின் கையில் கீறல் இருக்கும். நாட்டு வாத்து போகிற போக்கில் வயல் வரப்பிலும் முட்டையைப் போட்டுவிட்டு நடக்கும். மணிலாப் பெட்டை அப்படிச் செய்யாது. வயிறு கனத்துத் தொங்க ஆரம்பித்ததும் வீட்டைச் சுற்றி ஒவ்வொரு சந்தாக நுழைந்து பார்க்கும். விறகு அடுக்குக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே, வைக்கோல் போரில் மாடு பிடுங்கிய குழி, கவிழ்ந்து கிடக்கும் சிமென்ட் தொட்டி. மூன்று பக்கம் அடைப்பு, தலைக்கு மேல் மறைப்பு, ஆள் நடமாட்டம் குறைவு, அவ்வளவுதான் தேவை. நான் ஒன்றரை அடி அகலத்தில் பலகைப் பெட்டி செய்து, வாசலில் நாலு விரல் தடுப்பும் வைத்து, உள்ளே மணலும் வைக்கோலும் பரப்பி வைத்தேன். அதில் இப்போது ஆட்டுக்குட்டி படுத்திருக்கிறது. வாத்து மாடிப்படிக்குக் கீழே போய்விட்டது.

பெட்டை ஆறேழு மாதத்தில் முட்டைக்கு வரும். பெரும்பாலும் காலையில், தினம் ஒன்று அல்லது ஒருநாள் விட்டு ஒன்று. முட்டை 70 முதல் 80 கிராம் வரை, வெள்ளையாகவோ லேசான பழுப்பு வெள்ளையாகவோ, தொட்டால் மெழுகு பூசியதுபோல் வழுவழுப்பாக இருக்கும். முதல் ஈட்டு முட்டைகள் சிறியவை, கரு கூடாதவையும் அதில் அதிகம். அவற்றை ஆம்லெட்டுக்கு விட்டுவிடலாம். இப்படியே 12, 15, சில சமயம் 20 வரை போகும். ஒவ்வொரு முறை எழுந்து போகும்போதும் வைக்கோலை இழுத்து மூடிவிட்டுப் போகும். பிறகு ஒருநாள் கூட்டுக்குள் கை விட்டால் பஞ்சுபோல ஏதோ தட்டுப்படும். மார்பிலிருந்து தானே பிடுங்கிய மென்சிறகு. அன்றோடு முட்டை நின்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

வளர்ப்பவர் புலம்ப ஆரம்பிப்பது இங்கேதான். "நல்லா முட்டை போட்டுக்கிட்டு இருந்துச்சு, திடீர்னு நின்னுபோச்சு, தீவனம் சரியில்லையா?" தீவனத்தில் கோளாறு இல்லை. முட்டையிடும் காலத்தில் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சூலகத்தைத் தூண்டும் ஹார்மோன்களை விட்டுக்கொண்டிருக்கும். கூட்டில் முட்டை சேரச் சேர, பெட்டை அதன்மேல் உட்காரும் நேரம் கூடும். வெறும் வயிற்றுத் தோலில் முட்டை படுகிற அந்தத் தொடுகையே புரோலாக்டினை ஏற்றிவிடும். பாலூட்டிகளுக்குப் பால் சுரக்க வைக்கிற அதே ஹார்மோன். அது ஏற ஏற, சூலகத்தைத் தூண்டுவது இறங்கும். சூலகம் சுருங்கும், பசி குறையும், மனிதர் கிட்டப் போனால் வாலை விசிறிபோல விரித்து, உடம்பைப் பூரி மாதிரி உப்ப வைத்துச் சீறும். எங்கள் பக்கம் இதை அவயம் என்போம். அடை என்றாலும் அதுவேதான். முட்டையிடுவதும் அடைகாப்பதும் ஒரே குழாயின் இரண்டு திருப்பங்கள். ஒன்றைத் திறந்தால் மற்றது மூடும்.

நாட்டு வாத்தும் காக்கி கேம்பலும் ஏன் இப்படி உட்காருவதில்லை? உட்காராத பெட்டைகளையே தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கத்துக்கு விட்டதால் மனிதன் அந்தத் திருப்பத்தைக் கிட்டத்தட்டக் கழற்றிவிட்டான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் அடேல் கேம்பல் என்ற பெண்மணி உருவாக்கத் தொடங்கிய காக்கி கேம்பல், நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். ஆனால் தன் முட்டையில் தானே உட்காராது. நம் ஊர் வாத்துக்காரர்களும் முட்டையைக் கோழியிடமோ பொரிப்பகத்திடமோதான் கொடுத்து வந்திருக்கிறார்கள். மணிலா ஆண்டுக்கு 60 முதல் 120 முட்டை. இந்த எண்ணைப் பார்த்து இதைச் சோம்பேறி வாத்து என்று சொல்வது நியாயமில்லை. மின்சாரம் இல்லாமல், ஆள் கூலி இல்லாமல், 35 நாள் இரவும் பகலும் ஓடுகிற ஒரு பொரிப்பான் அது. முட்டை வேண்டுமென்றால் காக்கி கேம்பல் வாங்க வேண்டும். மணிலாவை வாங்கிவிட்டு முட்டைக் கணக்குப் பார்ப்பது எருமையை வாங்கிவிட்டு ரேக்ளாவில் பூட்டுவது மாதிரி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 முட்டை இட ஏறக்குறைய 20 நாள், அடைக்கு 35 நாள், குஞ்சோடு திரிய ஏழெட்டு வாரம். ஒரு சுற்றுக்கு 110 நாள் என்றால் ஆண்டுக்கு மூன்று சுற்று. குஞ்சுகளைச் சீக்கிரம் பிரித்துவிட்டால் நாலாவது சுற்றும் வரும், பெட்டையின் உடம்பு தாங்கினால். குளிர்நாடுகளில் பகல் குறுகும் காலத்தில் முட்டை சுத்தமாக நின்றுவிடும். நமக்கு அந்தத் தொல்லை குறைவு. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான், கன்னியாகுமரியில் அதைவிடவும் குறைவு. இங்கே வாத்தை நிறுத்துவது வெயிலும் சிறகு உதிர்க்கும் பருவமும்.

அந்த வெயில்தான் நம் ஊர் அடையின் பெரிய எதிரி. வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்தால், முட்டைகளைக் கூட்டிலேயே விட்டுவிடுங்கள், வாத்து உட்காரும்வரை கரு தூங்கும், எல்லாம் ஒரே நாளில் பொரிக்கும் என்று இருக்கும். அது உண்மைதான், அந்த ஊரில். ஏறக்குறைய 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான் கரு முழுதாகத் தூங்கும். மே மாதத்து இரவில்கூட 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காத ஊரில் அது எப்படித் தூங்கும்? பாதி விழித்து, அரைகுறையாக வளர்ந்து, போதிய சூடு இல்லாமல் தளர்ந்து சாகும். முதல் நாள் இட்ட முட்டை பதினைந்து நாள் அந்தப் புழுக்கத்தில் கிடந்த பிறகுதான் அடைக்கே போகிறது. கோடையில் "பாதி கூமுட்டை" என்று சொல்கிறவர்களின் கதையில் பாதி இதுதான்.

அதற்கு நான் கண்ட வழி இது. வாத்து இரை எடுக்கப் போன நேரத்தில் அன்றன்றைய முட்டையை எடுத்து, பென்சிலால் தேதி போட்டு, வீட்டிலேயே குளிர்ந்த மூலையில் ஈரமணல் மேல் வைத்த மண்பானைக்குள் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கிவிடுவேன். கழுவக் கூடாது. அந்த மெழுகுப் பூச்சுதான் கிருமியை வெளியே நிறுத்துகிறது. குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம், அந்தக் குளிரில் கரு செத்துவிடும். கூட்டில் மட்டும் எப்போதும் இரண்டு முட்டையை விட்டுவைக்க வேண்டும். மொத்தமாகத் துடைத்து எடுத்தால் திருட்டு நடக்கிறது என்று புரிந்துகொண்டு பெட்டை இடத்தை மாற்றிவிடும். அப்புறம் நாம் பக்கத்துத் தோட்டம்வரை தேட வேண்டும். வாரத்துக்கு மேல் பழசானவை சமையலுக்குப் போகும். மென்சிறகு தென்பட்டு, வாத்து இரவிலும் எழாமல் கூட்டிலேயே தங்கியது உறுதியான பிறகு, அன்று பொழுது சாய்ந்ததும் சேர்த்து வைத்த புதிய முட்டைகளை மொத்தமாக அடியில் வைத்து, பழைய இரண்டை எடுத்துவிடுவேன். 35 நாள் எண்ணத் தொடங்குவது அந்த இரவிலிருந்து. பகலில் சும்மா போய் உட்கார்ந்து எழும் நாட்களைச் சேர்க்கக் கூடாது.

உட்கார்ந்துவிட்ட பெட்டையைக் கவனிப்பது ஒரு தனி வேடிக்கை. நாளுக்கு ஒருமுறை, சிலது இரண்டு முறை, அரை மணி நேரமோ சற்றுக் கூடவோ எழுந்து வரும். வந்ததும் முதல் வேலை, நாள் முழுக்க அடக்கி வைத்ததைக் கோழி முட்டை அளவுக்கு ஒரே குவியலாகக் கழிப்பது. அந்த நாற்றத்தைப் பற்றி எழுதி உங்கள் சாப்பாட்டைக் கெடுக்க விரும்பவில்லை. கூட்டை அசுத்தப்படுத்தாமல் இருக்கிறதே என்று பாராட்டத்தான் வேண்டும். பிறகு அவசர அவசரமாகத் தீனி, தண்ணீர், ஒரு முழுக்கு. ஈரச் சிறகோடு திரும்பி உட்காரும்போது முட்டைக்கு ஈரப்பதம் போகிறது. அது எழுந்து போன நேரத்தில் முட்டை சற்று ஆறுகிறது. மணிலா முட்டைக்கு இந்த ஆறுதலும் ஈரமும் தேவை. பொரிப்பானில் 37.5 டிகிரி வைத்து மூடி விட்டால் கோழி முட்டை பொரிக்கும், இது சண்டித்தனம் செய்யும். அதனால்தான் பொரிப்பான் வைத்திருப்பவர்கள் தினம் கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து ஆறவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீர் தெளிக்கிறார்கள். பெட்டை செய்வதைப் பார்த்துக் கற்றதுதான். அது எழுந்து வருகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அகன்ற தொட்டியில் தண்ணீரும், குருணையோ கம்போ தவிட்டோடு கலந்ததும் இருந்தால் போதும். எப்படியும் உடம்பு இளைக்கும். பதறக் கூடாது.

ஏழாம் நாளுக்கு மேல் இருட்டில் கைவிளக்கை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பார்க்கலாம். சிலந்திக் கால்போல ரத்த நாளம் ஓடினால் கரு உண்டு. வெளிச்சம் தெளிவாக ஊடுருவினால் கரு கூடாதது. நாலைந்து பெட்டைக்கு ஒரு ஆண் இருந்தால் கரு கூடாத பேச்சே குறைவு. வீட்டில் நாட்டு வாத்தும் இருந்து அதோடு கலந்தால் குஞ்சு வரும், ஆனால் அந்தக் குஞ்சு மலடு, கோவேறு கழுதை மாதிரி. தைவானிலும் பிரான்சிலும் அதை இறைச்சிக்கும் ஈரலுக்கும் வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். நமக்கு அது வேண்டாத வேலை.

கூட்டுக்கு வரும் ஆபத்துகளில் பாம்பையும் கீரியையும் எல்லோரும் சொல்வார்கள். நான் அதிகம் இழந்தது இன்னொரு மணிலாவால். ஒரு பெட்டை கூட்டுக்குள் இருப்பதைப் பார்த்தால் மற்றதும் அங்கேயே இடப் பார்க்கும். காட்டிலும் இந்தப் பழக்கம் உண்டு; அடுத்தவள் பொந்தில் முட்டையைத் தள்ளிவிட்டுப் போகும். வீட்டில் என்ன ஆகும்? பத்தாம் நாள் முட்டையும் நேற்றைய முட்டையும் ஒன்றாகக் கிடக்கும். முதல் குஞ்சுகள் பொரித்ததும் தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும், மிச்சமெல்லாம் உயிரோடு ஆறிப்போகும். அதனால்தான் பென்சில் தேதி. தேதி இல்லாத முட்டை கண்ணில் பட்டால் அன்றே எடுத்துவிட வேண்டும். எறும்பு இன்னொன்று. ஓட்டில் முதல் விரிசல் விழும் அந்த ஒரு நாளில், ஈர வாசனைக்குக் கட்டெறும்பு வரிசையாக வரும். கூட்டைச் சுற்றிச் சாம்பலும் மஞ்சள் தூளும் தூவுவது பழைய வழி. பெட்டியாக இருந்தால் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திவிடலாம். கூட்டை இடம் மாற்றியே ஆகவேண்டும் என்றால் இரவில், அடியிலுள்ள வைக்கோலோடு சேர்த்து, பக்கத்திலேயே. பகலில் தூக்கி வேறு கோடியில் வைத்தால் வாத்து பழைய இடத்துக்குப் போய் வெறுந்தரையில் உட்காரும்.

இதன் அடியில் வேறு முட்டையும் வைக்கலாம் என்பது உண்மை. கோழி முட்டையை ஒன்றாக வைத்தால் 21ஆம் நாளே கோழிக்குஞ்சு கிளம்பி, தாயையும் கிளப்பிவிடும். மணிலா முட்டைக்கு 7 நாள் கழித்து நாட்டு வாத்து முட்டையும், 14 நாள் கழித்துக் கோழி முட்டையும் வைத்தால் எல்லாம் ஒரே நாளில் முடியும். ஆனால் பொரிப்பது வேறு, தாய் என்று ஏற்பது வேறு. 1973இல் நோபல் பரிசு பெற்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் கான்ராட் லாரன்ஸ் ஒருமுறை காட்டு மல்லார்ட் முட்டைகளை மஸ்கோவிப் பெட்டையிடம் அடை வைத்தார். குஞ்சுகள் உலர்ந்ததும் அந்தத் தாயை விட்டு ஓடிவிட்டன. காரணம் குரல் என்று பிறகுதான் அவருக்குப் பிடிபட்டது. மஸ்கோவி குவாக் குவாக்கென்று கத்தாது. ஆண் சீறும், பெட்டை மெல்லிய நடுங்கும் குரலில் முனகும். லாரன்ஸ் அப்புறம் தானே புல்தரையில் குந்தி, மல்லார்ட் தாய்போல இடைவிடாமல் கத்திக்கொண்டே நகர்ந்தார். குஞ்சுகள் பின்னால் வந்தன. முட்டைக்குள் இருக்கும்போதே தாயும் குஞ்சும் பேசிக்கொள்வதைக் கடைசி இரண்டு நாள் காதை வைத்துக் கேட்டால் நாமும் கேட்கலாம்.

முதல் விரிசலுக்குப் பிறகு குஞ்சு முழுதாக வெளியே வர ஒரு நாள், சிலதுக்கு இரண்டு நாள் ஆகும். உதவி செய்கிறேன் என்று ஓட்டை உரிப்பவர்கள் ரத்தத்தைத்தான் பார்ப்பார்கள். வெளியே வந்த குஞ்சுக்கு வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கிறது, முதல் நாள் தீனி தேவையில்லை. தாய் தானாக இறக்கிக் கூட்டி வரும்வரை விட்டுவிடலாம். பருந்தும் காகமும் உள்ள இடத்தில் முதல் வாரம் பஞ்சாரத்துக்குள் வைப்பது நல்லது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு ஆழத்தைக் குறைக்க வேண்டும். வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்கிற வைட்டமின் கோழிக்குஞ்சைவிடக் கூடுதலாக வேண்டும். வெறும் குருணையில் வளர்ந்தால் கால் வளையும். கடலைப் புண்ணாக்கில் மட்டும் கவனம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்ததற்குக் காரணம் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நஞ்சுக்கு மிகச் சீக்கிரம் சாகிற உயிர்களில் ஒன்று வாத்துக் குஞ்சு. மணிலாக்கொட்டையும் மணிலா வாத்தும் ஒரே திசையிலிருந்து வந்தாலும் மழைக்காலத்தில் சேராது.

முட்டையில் கரு கூடாத காலத்தில், அல்லது நடு வெயிலில், அடை வேண்டாம் என்று தோன்றினால்? மூக்கில் இறகைச் செருகுவது, தண்ணீரில் முக்குவது என்று கோழிக்குச் செய்கிற பழைய வைத்தியங்கள் இருக்கின்றன. அதெல்லாம் வதை. முட்டையை எடுத்துவிட்டு, அடியில் காற்று போகிற கம்பிக் கூண்டில் தீனி தண்ணீரோடு மூன்று நாலு நாள் வைத்தால் வயிற்றுச் சூடு குறைந்து புரோலாக்டின் இறங்கும். கூண்டு இல்லாமல் முட்டையை மட்டும் எடுத்தால் பலனில்லை. எங்கள் வீட்டில் ஒன்று பன்னிரண்டு நாள் ஒரு தேங்காய்ச் சிரட்டை மேல் உட்கார்ந்திருந்தது.

பொரிப்பு 33ஆம் நாளே தொடங்கலாம், 36 வரையும் போகலாம். தாய் குஞ்சோடு இறங்கிய பிறகும் கூட்டில் கிடக்கும் முட்டையை 37ஆம் நாள் காலையில் எடுத்துக் காதோரம் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். தளும்பினால் கூமுட்டை. உடைக்காமல் கொண்டுபோய்ப் புதைத்துவிட வேண்டும், கையில் வெடித்தால் மூன்று நாள் குளித்தாலும் போகாது. குழி ஒரு முழமாவது ஆழமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் நாய் தோண்டிக்கொண்டு வந்து வாசலிலேயே போடும்.